கிரோனா, கொலைட்டிஸா, குடல் டிபியா? குடல் அழற்சி நோய் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆசனவாய் வழியாகக் கேமராக் குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் கொலனோஸ்கோப்பி முடிந்து ரிப்போர்ட்டும் கையுமாக நிற்பவர்களுக்காக எழுதியது இது. குடல் அழற்சி நோய், சுருக்கமாக ஐ.பி.டி., என்று டாக்டர் சொல்லியிருப்பார். அதில் எந்த வகை என்பதில்தான் குழப்பம். ஒருவர் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்கிறார், அடுத்தவர் கிரோன் என்கிறார், மூன்றாமவர் எதற்கும் டிபி மாத்திரையை ஆரம்பிப்போம் என்கிறார். மூன்று பேரும் நேர்மையாகத்தான் சொல்கிறார்கள். ஏன் இப்படி ஆகிறது, சரியான பெயரைக் கண்டுபிடிக்க நாம் என்ன செய்யலாம் என்று பார்ப்போம்.

ஐ.பி.டி. என்பது ஒரே நோயா?

இல்லை. குடலில் கிருமித் தொற்று எதுவும் இல்லாமலேயே நம் நோய் எதிர்ப்பு அணுக்கள் குடல் சுவரைத் தாக்கி, வருடக்கணக்கில் புண்ணாக்கும் நோய்களின் பொதுப்பெயர் அது. முக்கியமானவை இரண்டு: அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், கிரோன் நோய். மைக்ரோஸ்கோப்பிக் கொலைட்டிஸ் என்று ஒன்றும் உண்டு. பெரும்பாலும் வயதானவர்களுக்கு, ரத்தமில்லாமல் தண்ணீராகப் போகும். கேமராவில் குடல் சுத்தமாகத் தெரியும், சின்னத் துண்டு திசு எடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்க்கும் பயாப்ஸியில் மட்டுமே பிடிபடும். அது தனிக் கதை, இங்கே முதல் இரண்டைத்தான் பேசப்போகிறோம்.

இரண்டுக்கும் அடிப்படை வித்தியாசம் என்ன?

மூன்று விஷயங்களை மனதில் வைத்துக்கொண்டால் போதும். எங்கே இருக்கிறது, விட்டு விட்டு இருக்கிறதா, எவ்வளவு ஆழம் போயிருக்கிறது.

அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் பெருங்குடலை மட்டும் பிடிக்கும். ஆசனவாய்க்கு மேலே உள்ள மலக்குடலில் தொடங்கி, இடைவெளி விடாமல் மேல்நோக்கிப் போகும். சிலருக்கு மலக்குடலோடு நின்றுவிடும், சிலருக்கு இடது பக்கப் பெருங்குடல் முழுக்க, இன்னும் சிலருக்கு மொத்தப் பெருங்குடலும். எங்கே நின்றாலும் அதற்குக் கீழே நல்ல இடம் என்று ஒன்று இருக்காது. ஆழமும் குறைவு. குடலின் உள்தோலான சளிப்படலத்தோடு பெரும்பாலும் நின்றுகொள்ளும்.

கிரோன் அப்படி இல்லை. வாயிலிருந்து ஆசனவாய் வரை எங்கு வேண்டுமானாலும் வரும். அதிகம் பிடிக்கும் இடம் சிறுகுடலின் கடைசிப் பகுதி, அதாவது வலது அடிவயிற்றில் சிறுகுடல் பெருங்குடலோடு சேரும் இடம். நடுநடுவே நல்ல குடலை அப்படியே விட்டுவிட்டு அடுத்த இடத்துக்குத் தாவும். குடல் சுவரின் எல்லா அடுக்குகளையும் துளைத்துக்கொண்டு போகும். கிரோனின் பெரும்பாலான தொல்லைகள் இந்த ஆழத்தால்தான் வருகின்றன. சுவர் தடித்துக் குடல் சுருங்கிவிடலாம், வெளியே சீழ் கட்டலாம், பக்கத்துக் குடலுக்கோ சிறுநீர்ப்பைக்கோ தோலுக்கோ துளை விழலாம்.

பெயரைத் தெரிந்து என்ன ஆகப்போகிறது? மருந்து இரண்டுக்கும் ஒன்றுதானே?

ஸ்டீராய்டு, அசதயோபிரின், இன்ஃப்ளிக்சிமாப் ஆகியவை இரண்டுக்கும் பொது என்பது உண்மைதான். ஆனால் மெசலமைன் அல்சரேட்டிவ் கொலைட்டிஸில் நன்றாக வேலை செய்யும், கிரோனில் பெரிதாகப் பலன் தருவதில்லை. மலக்குடலோடு நிற்கும் கொலைட்டிஸுக்கு ஆசனவாய் வழியாக வைக்கும் மெசலமைன் மாத்திரையே பல பேருக்குப் போதும். அந்த இடத்துக்கு வாய்வழி மாத்திரையைவிட அதுதான் நன்றாகக் கேட்கும். கூச்சப்பட்டு அதை விட்டுவிடுகிறவர்கள் நிறைய. டோஃபாசிட்டினிப் கொலைட்டிஸுக்கு உதவுகிறது, கிரோனில் சோதித்தபோது பலன் நிரூபணமாகவில்லை. மெத்தோட்ரெக்சேட் நேர்மாறு, கிரோனுக்குத்தான் பயன்படுகிறது.

அறுவை சிகிச்சையில் வித்தியாசம் இன்னும் பெரியது. அல்சரேட்டிவ் கொலைட்டிஸில் பெருங்குடலையும் மலக்குடலையும் முழுதாக எடுத்துவிட்டு, சிறுகுடலின் நுனியையே பைபோல் தைத்து ஆசனவாயோடு இணைக்கலாம். ஜே பவுச் என்பது அதுதான். பெருங்குடல் போனால் பெருங்குடல் நோயும் போய்விடும். பையில் அழற்சி வரலாம், அதற்குத் தனி மருந்து இருக்கிறது. கிரோனில் இதைச் செய்தால் அந்தப் பையிலேயே நோய் திரும்பி, துளை விழுந்து, பையை எடுக்க வேண்டிய நிலை வரலாம். அதனால் கிரோன் என்றால் பெரும்பாலும் பவுச் பக்கம் போகமாட்டார்கள். வெட்டியே ஆகவேண்டும் என்றாலும் எவ்வளவு குறைவாக முடியுமோ அவ்வளவுதான் எடுப்பார்கள், ஏனென்றால் தையல் போட்ட இடத்திலேயே நோய் மறுபடி தலைகாட்டும். எடுத்த குடலைத் திருப்பி வைக்க முடியாது. பெயரை உறுதி செய்துகொள்ள இந்த ஒரு காரணமே போதும் என்பேன்.

அறிகுறியை வைத்தே இதுவா அதுவா என்று சொல்ல முடியாதா?

ஓரளவுக்குத்தான். ரத்தமும் சளியுமாகப் பேதி, வந்தால் அடக்க முடியாத அவசரம், போய் உட்கார்ந்தால் கொஞ்சமே போய் இன்னும் பாக்கி இருப்பது போன்ற கடுப்பு, ராத்திரித் தூக்கத்தில் எழுப்பிவிடுவது: இவை அல்சரேட்டிவ் கொலைட்டிஸின் பக்கம். வலது அடிவயிற்றில் வலி, சாப்பிட்டால் அதிகமாவது, ரத்தமே இல்லாத பேதி, காய்ச்சல், உடம்பு இளைத்துப்போவது, வாய்ப்புண், ஆசனவாயைச் சுற்றிக் கட்டி அல்லது துளை: இவை கிரோனின் பக்கம். வலது பக்க வலியைக் குடல்வால் அழற்சி என்று நினைத்துத் திறந்த பிறகு கிரோன் என்று தெரியவந்தவர்களும் உண்டு.

ஆனால் கிரோன் பெருங்குடலை மட்டும் பிடித்திருந்தால் அறிகுறி அச்சு அசலாகக் கொலைட்டிஸ் போலவே இருக்கும். டாக்டர்களே நெடுநாள் இதில் தடுமாறியிருக்கிறார்கள். 1859இல் லண்டனில் சாமுவேல் வில்க்ஸ் ஒரு பெண்ணின் பிரேதப் பரிசோதனையை வைத்து அல்சரேட்டிவ் கொலைட்டிஸை விவரித்தார். அந்தக் குறிப்பில் சிறுகுடலின் கடைசிப் பகுதியிலும் அழற்சி இருந்தது, சுவரின் முழு ஆழத்துக்கும் போயிருந்தது. அது கிரோன்தான் என்று நூறு வருடம் கழித்துத் திருப்பிப் படித்தவர்கள் சொன்னார்கள். கிரோனையே 1932இல்தான் நியூயார்க் மவுண்ட் சினாய் மருத்துவமனையின் பர்ரில் கிரோன், லியோன் கின்ஸ்பர்க், கோர்டன் ஓப்பன்ஹைமர் மூவரும் 14 நோயாளிகளை வைத்துத் தனி நோயாக எழுதினார்கள். கட்டுரையில் பெயர்கள் அகர வரிசையில் இருந்ததால் கிரோன் பெயர் முதலில் வந்தது, நோய்க்கும் அதுவே நிலைத்துவிட்டது. அப்போதும் சிறுகுடலில் மட்டுமே வரும் என்றுதான் நம்பினார்கள். பெருங்குடலிலும் கிரோன் வரும் என்பதை லண்டனின் லாக்ஹார்ட் மம்மரியும் மார்சனும் 1960இல் தெளிவாகக் காட்டினார்கள். ஆக, உங்கள் டாக்டர் முதல் நாளே அடித்துச் சொல்லவில்லை என்றால் அவர் மேல் சந்தேகப்பட வேண்டாம்.

மலத்தில் ரத்தம் வந்தது. மூலம் என்று சொல்லி மருந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். போதுமா?

மூலத்தில் வரும் ரத்தம் பெரும்பாலும் பளிச்சென்ற சிவப்பு. மலத்தோடு கலக்காமல், போய் முடிக்கும்போது சொட்டும் அல்லது தெறிக்கும். பேதி இருக்காது, பல பேருக்கு மலச்சிக்கல்தான் இருக்கும். ரத்தம் மலத்தோடு கலந்து வருகிறது, கூடவே சளி, ஒரு நாளைக்குப் பலமுறை ஓடவேண்டியிருக்கிறது என்றால் அதை மூலம் என்றோ உடம்புச் சூடு என்றோ சொல்லித் தள்ளிப்போடக் கூடாது. நம் ஊரில் இந்த நோய் தாமதமாகப் பிடிபடுவதற்கு எனக்குத் தெரிந்த முதல் காரணம் இதுதான். மோரும் வெந்தயமும் குடித்துக்கொண்டு மாதக்கணக்கில் ரத்தம் இழக்கிறார்கள். கடைசியில் ஹீமோகுளோபின் குறைந்து மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும்போதுதான் டாக்டரிடம் போகிறார்கள். மூலம் இருப்பவருக்குக் கொலைட்டிஸும் இருக்கலாம் என்பதையும் மறக்க வேண்டாம்.

பவுத்திரத்துக்கு ஆபரேஷன் செய்தும் திரும்பத் திரும்ப வருகிறது. இதற்கும் கிரோனுக்கும் சம்பந்தம் உண்டா?

இருக்கலாம். பவுத்திரம் வந்தவர்களில் பெரும்பாலோருக்குக் கிரோன் கிடையாது, அதனால் பயந்துவிட வேண்டாம். ஆனால் ஆபரேஷன் செய்தும் திரும்பி வருவது, ஒன்றுக்கு மேற்பட்ட வாய்கள், ஆறாத புண், வலியில்லாத தடித்த தோல் மடிப்புகள், கூடவே பேதியோ எடை குறைவோ இருந்தால், அடுத்த கத்தி வைக்கும் முன் கொலனோஸ்கோப்பியும் இடுப்புப் பகுதிக்கு எம்.ஆர்.ஐ.யும் எடுத்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். கிரோன் நோயாளிகளில் ஏறக்குறைய நாலைந்து பேரில் ஒருவருக்கு ஏதோ ஒரு கட்டத்தில் ஆசனவாயருகே துளை விழுகிறது. சிலருக்கு வயிற்றுத் தொல்லை எதுவும் தொடங்கும் முன்பே இது வந்துவிடும். அல்சரேட்டிவ் கொலைட்டிஸில் இப்படி ஆவது அபூர்வம். அதனால் கொலைட்டிஸ் என்று பெயர் வைத்த ஒருவருக்குச் சிக்கலான பவுத்திரம் வந்தால், அந்தப் பெயரையே மறுபடி யோசிக்க வேண்டும். பவுத்திரம் டிபியாலும் வரும் என்பதால் ஆபரேஷனில் எடுத்த திசுவைப் பயாப்ஸிக்கும் டிபி பரிசோதனைக்கும் அனுப்பச் சொல்லுங்கள்.

எனக்கு ஐ.பி.எஸ். என்றார்கள். அதுவும் இதுவும் ஒன்றா?

ஒரெழுத்துதான் வித்தியாசம், ஆனால் நோய் முற்றிலும் வேறு. ஐ.பி.எஸ்.இல் குடலின் இயக்கமும் உணர்வும் தாறுமாறாகின்றன, புண் இல்லை. ரத்தம், காய்ச்சல், எடை குறைவு, ராத்திரி எழுப்பும் பேதி, ரத்தசோகை எல்லாம் ஐ.பி.எஸ்.இல் வராது. இரண்டையும் பிரிக்க மலத்தில் கால்ப்ரொடெக்டின் பார்ப்பார்கள். அழற்சி இருக்கும் குடலில் வெள்ளை அணுக்கள் கொட்டும் புரதம் அது. கிராமுக்கு 50 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் ஐ.பி.டி.க்கு வாய்ப்பு குறைவு, 250க்கு மேலே என்றால் அழற்சி நன்றாகவே இருக்கிறது என்று பொருள். இடைப்பட்ட எண் வந்தால் சில வாரம் கழித்துத் திரும்பப் பார்ப்பார்கள். சாதாரண கிருமிப் பேதியிலும், டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரை சாப்பிட்டாலும் இது கூடும். கிரோனா, கொலைட்டிஸா, டிபியா என்று இது பிரித்துச் சொல்லாது.

கொலனோஸ்கோப்பியில் டாக்டர் எதைத் தேடுகிறார்?

கேமரா உள்ளே நுழைந்ததுமே மலக்குடலைப் பார்க்கிறார். அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்றால் அங்கேயே சிவந்து வீங்கியிருக்கும். வழக்கமாகச் சளிப்படலத்துக்கு அடியில் நரம்புநரம்பாகத் தெரியும் ரத்தக்குழாய்கள் மறைந்திருக்கும். கருவி பட்டாலே ரத்தம் கசியும். அப்படியே மேலே போகப்போக ஓரிடத்தில் கோடு கிழித்ததுபோல் அழற்சி நின்று நல்ல குடல் தொடங்கும். கிரோன் என்றால் மலக்குடல் பெரும்பாலும் நன்றாக இருக்கும். மேலே போனால் நல்ல தோலின் நடுவே சின்னச் சின்ன வாய்ப்புண் போன்ற புண்கள், அல்லது குடலின் நீளவாக்கில் ஓடும் ஆழமான பிளவுகள். நீளப் பிளவும் குறுக்குப் பிளவும் வெட்டிக்கொண்டு நடுவில் தோல் புடைத்து நின்றால் கருங்கல் பாவிய தெருவைப் போல இருக்கும்.

பெருங்குடலின் முடிவோடு திரும்பி வந்துவிடாமல், சிறுகுடலின் கடைசிச் சில சென்டிமீட்டருக்குள் எட்டிப் பார்ப்பது ரொம்ப முக்கியம். ரிப்போர்ட்டில் டெர்மினல் ஐலியம், அதாவது அந்தச் சிறுகுடல் நுனி பற்றி ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் உள்ளே நுழைய முடியவில்லையா, நுழையவே இல்லையா என்று கேளுங்கள்.

விதிவிலக்குகளும் உண்டு. மலக்குடலில் ஏற்கெனவே மருந்து வைத்துக்கொண்டிருந்தால் அந்த இடம் ஆறியிருக்கும், பார்ப்பவர் கிரோன் என்று நினைக்கக்கூடும். இடது பக்கக் கொலைட்டிஸில் குடல்வால் வாய் அருகே மட்டும் தனியாக ஒரு சிவந்த திட்டு வரும், அதுவும் தாவல் போலத் தோன்றும், ஆனால் கிரோன் இல்லை. முழுப் பெருங்குடலும் பாதித்தவர்களுக்குச் சிறுகுடலின் நுனியிலும் லேசான அழற்சி வரலாம். இதனால்தான் முதல் கொலனோஸ்கோப்பி, ஸ்டீராய்டும் மற்ற மருந்துகளும் தொடங்கும் முன்பே நடக்க வேண்டும் என்று வலியுறுத்துகிறேன். மருந்து புண்ணை ஆற்றும்போது தடயத்தையும் அழித்துவிடும். தீவிர நிலையில் வந்தவர்களுக்கு மட்டும் இதற்காகக் காத்திருக்க முடியாது. அவர்களுக்கு மலக்குடல் பக்கம் மட்டும் பார்த்துவிட்டுச் சிகிச்சையைத் தொடங்குவார்கள், முழுப் பரிசோதனை பிறகு.

பயாப்ஸி ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது?

முதலில் எத்தனை இடத்திலிருந்து எடுத்தார்கள் என்று பாருங்கள். சிறுகுடல் நுனி, பெருங்குடலின் வெவ்வேறு பகுதிகள், மலக்குடல் என்று தனித்தனி பாட்டிலில், ஒவ்வொன்றிலும் குறைந்தது இரண்டு துண்டு போயிருக்க வேண்டும். நன்றாகத் தெரியும் இடத்திலிருந்தும் எடுத்திருக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே பாட்டிலில் போட்டு அனுப்பினால், நோய் தொடர்ச்சியாக இருக்கிறதா, தாவுகிறதா என்று நோய்க்குறியியல் மருத்துவர் எதை வைத்துச் சொல்வார்?

அப்புறம் வார்த்தைகள். கிரிப்ட் என்பது குடல் தோலில் உள்ள குழாய் வடிவச் சுரப்பி. கிரிப்ட் டிஸ்டார்ஷன், அதாவது அந்தச் சுரப்பிகள் கோணலாகி வரிசை குலைந்திருக்கின்றன என்று எழுதியிருந்தால் இது நேற்று வந்த பேதி இல்லை, நாள்பட்டது என்று அர்த்தம். க்ரிப்டைட்டிஸ், கிரிப்ட் ஆப்ஸெஸ் என்றால் சுரப்பிக்குள் வெள்ளை அணுக்கள் புகுந்திருக்கின்றன, இப்போதும் அழற்சி நடக்கிறது. இது கொலைட்டிஸில் அதிகம், ஆனால் கிரோனிலும் கிருமித் தொற்றிலும் வரும். கிரானுலோமா என்று இருந்தால் அங்கே நிறுத்திக் கவனமாகப் படியுங்கள். நோய் எதிர்ப்பு அணுக்கள் கூடிக் கட்டிய சின்ன உருண்டை அது. கிரோனிலும் வரும், டிபியிலும் வரும். கிரோனில் சின்னதாக, ஒன்றிரண்டு, தனித்தனியாக. டிபியில் பெரிதாக, நிறைய, ஒன்றோடொன்று சேர்ந்து, நடுவில் திசு செத்துத் தயிர்க்கட்டிபோல் ஆகியிருக்கும், அதைக் கேசியேஷன் என்று எழுதுவார்கள். கிரானுலோமா கிடைக்கவில்லை என்பதற்காகக் கிரோன் இல்லை என்று சொல்ல முடியாது, பல கிரோன் நோயாளிகளின் பயாப்ஸியில் அது மாட்டுவதே இல்லை.

ரிப்போர்ட்டின் கடைசியில் வெறுமனே க்ரானிக் ஆக்டிவ் கொலைட்டிஸ் என்று போட்டிருந்தால் அது நோயின் பெயர் இல்லை. நாள்பட்ட அழற்சி, இப்போதும் நடக்கிறது என்ற விவரணை மட்டும்தான்.

ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடாதா?

தெரியாது. சி.ஆர்.பி., ஈ.எஸ்.ஆர். எல்லாம் அழற்சி இருப்பதைக் காட்டும், வகையைக் காட்டாது. ரத்தத்தில் பார்க்கும் எதிர்ப்புப் பொருள்களில் பி‑ஆன்கா கொலைட்டிஸிலும், ஆஸ்கா கிரோனிலும் அதிகம் காணப்படும், ஆனால் முடிவெடுக்கும் அளவுக்கு நம்பகமில்லை. ஆஸ்கா குடல் டிபியிலும் பாசிட்டிவ் ஆகும் என்பதால் நமக்கு இன்னும் உபயோகம் குறைவு. காசு மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் இது.

ஸ்கேன் எதற்கு?

சிறுகுடல் சுமார் 6 மீட்டர் நீளம். கொலனோஸ்கோப்பி அதன் நுனியை மட்டுமே பார்க்கிறது. மீதியைப் பார்க்க சி.டி. அல்லது எம்.ஆர். என்ட்ரோகிராஃபி எடுப்பார்கள். குடலை விரியவைக்கும் திரவத்தைக் குடிக்கவைத்து எடுக்கும் ஸ்கேன் அது. சுவர் தடிப்பு, சுருக்கம், துளை, நிணநீர்க்கட்டி எல்லாம் இதில் தெரியும். கேப்ஸ்யூல் கேமராவை விழுங்கும் முறையும் உண்டு, ஆனால் குடல் சுருங்கியிருந்தால் அது உள்ளே மாட்டிக்கொள்ளும், ஆகவே முதலில் வழி இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும்.

கிரோன் என்று சந்தேகப்படும்போது டாக்டர் ஏன் டிபி பற்றியே பேசுகிறார்? எனக்கு இருமலே இல்லையே.

உலகத்தின் டிபி நோயாளிகளில் ஏறக்குறைய நாலில் ஒருவர் இந்தியாவில் இருக்கிறார். டிபி கிருமி நுரையீரலை விட்டுவிட்டுக் குடலில் மட்டும் குடியேறலாம், இருமலே வராது. அது விரும்பும் இடமும் கிரோன் விரும்பும் அதே இடம், சிறுகுடல் பெருங்குடலோடு சேரும் மூலை. வலி, காய்ச்சல், எடை குறைவு, குடல் சுருக்கம், கிரானுலோமா எல்லாமே இரண்டுக்கும் பொது. 1913இலேயே கிளாஸ்கோவின் கென்னடி டால்சியல் இப்படிக் குடல் தடித்த நோயாளிகளை விவரித்தார். பார்க்க டிபி மாதிரி இருக்கிறது, ஆனால் டிபி கிருமி கிடைக்கவில்லை என்பதுதான் அவரையும் குழப்பியது.

இங்கே தவறினால் விலை அதிகம். டிபியைக் கிரோன் என்று நினைத்து ஸ்டீராய்டோ இன்ஃப்ளிக்சிமாப் போன்ற ஊசியோ கொடுத்தால் கிருமி உடம்பெங்கும் பரவலாம், உயிருக்கே ஆபத்து. கிரோனை டிபி என்று நினைத்து மாதக்கணக்கில் டிபி மாத்திரை கொடுத்தால், அந்த நேரத்தில் குடல் சுருங்கிக்கொண்டே போய் ஆபரேஷனில் முடியலாம். கல்லீரலுக்கும் சோதனை.

பிரித்தறியச் சில தடயங்கள் உதவும். புண் குடலின் குறுக்காக, வளையம்போல இருந்தால் டிபி, நீளவாக்கில் இருந்தால் கிரோன். சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் வால்வு சிதைந்து வாயைத் திறந்தபடியே இருந்தால் டிபி. வயிற்றில் நீர் கோர்த்திருந்தால், மாலைக் காய்ச்சலும் ராத்திரி வியர்வையும் இருந்தால், எக்ஸ்ரேயில் நுரையீரலில் தழும்பு இருந்தால் டிபி பக்கம் சாயும். ஸ்கேனில் நடுப்பகுதி செத்துப்போன நிணநீர்க்கட்டிகள் தெரிந்தால் சந்தேகம் வலுவாகும். பல வருடமாகத் தொடர்வது, மலத்தில் ரத்தம், ஆசனவாயருகே நோய், பல இடங்களில் தாவித் தாவி இருப்பது, மூட்டுவலி ஆகியவை கிரோனின் பக்கம். பயாப்ஸித் துண்டை, கிருமியை வளர்த்துப் பார்க்கும் டிபி கல்ச்சருக்கும், கிருமியின் மரபணுவைத் தேடும் ஜீன் எக்ஸ்பர்ட்டுக்கும் அனுப்ப வேண்டும். அதற்கான துண்டை ஃபார்மலினில் போடக் கூடாது, போட்டால் கிருமி செத்துவிடும், கல்ச்சரில் வளராது. பாசிட்டிவ் வந்தால் விஷயம் முடிந்தது. நெகட்டிவ் வந்தால் டிபி இல்லை என்று முடிவுகட்ட முடியாது, குடல் டிபியில் கிருமி எண்ணிக்கை குறைவு என்பதால் பல நேரம் மாட்டாது. தோலில் போட்டுப் பார்க்கும் டிபி பரிசோதனையான மாண்டூ ஊசி பாசிட்டிவ் என்பதும் நம் ஊரில் பெரிதாக எதையும் நிரூபிக்காது. நோயே இல்லாத பல பேருக்கும் அது பாசிட்டிவாக வரும்.

டிபி மாத்திரை கொடுத்துப் பார்ப்போம் என்கிறார்கள். சம்மதிக்கலாமா?

எல்லாப் பரிசோதனையும் செய்தும் இரண்டில் எது என்று பிரிக்க முடியவில்லை என்றால் இது நம் நாட்டில் ஏற்றுக்கொள்ளப்பட்ட வழிதான். ஆனால் ஒரு நிபந்தனை. மாத்திரை தொடங்கி 2 அல்லது 3 மாதத்தில் மறுபடி கொலனோஸ்கோப்பி செய்து புண் ஆறியிருக்கிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டும். ஆறியிருந்தால் டிபி, 6 மாதச் சிகிச்சையை முடிக்க வேண்டும். ஆறவில்லை என்றால் கிரோனா என்றும், மருந்துக்கு அடங்காத டிபியா என்றும் யோசிக்க வேண்டும். வலி குறைந்தது, பசிக்கிறது, எடை ஏறியது என்பதை மட்டும் வைத்து டிபி என்று முடிவு செய்யக் கூடாது. கிரோன் நோயாளிகள் சிலருக்கும் டிபி மாத்திரையில் அறிகுறிகள் குறையும், ஆனால் புண் ஆறாது. மறு கொலனோஸ்கோப்பிக்கான தேதியை மாத்திரை தொடங்கும் நாளிலேயே கேட்டு வாங்கிவிடுங்கள். உடம்பு தேறியதுபோல் இருந்தால் யாருக்கும் திரும்பக் குழாய் விட்டுக்கொள்ள மனம் வராது.

வேறு எதெல்லாம் ஐ.பி.டி. போல வேடம் போடும்?

அமீபா சீதபேதி முக்கியமானது. ரத்தமும் சளியும் கொலைட்டிஸ் போலவே இருக்கும். ஷிகெல்லா, ஆன்டிபயாட்டிக் சாப்பிட்ட பின் வரும் க்ளாஸ்ட்ரிடியாய்டஸ் டிஃபிசில் தொற்று ஆகியவையும் உண்டு. அதனால் முதல் நாளே மலப் பரிசோதனை வேண்டும். ஏற்கெனவே கொலைட்டிஸ் இருப்பவருக்குத் திடீரென்று அதிகமானாலும் முதலில் தொற்றைத் தேட வேண்டும். வலி மாத்திரைகள் சிறுகுடலில் கிரோன் போலவே புண் உண்டாக்கும். முட்டிவலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கிச் சாப்பிடும் மாத்திரையையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

எந்த வகை என்று சொல்ல முடியவில்லை என்று எழுதிவிட்டார்கள். இப்படியும் உண்டா?

உண்டு. பெருங்குடலில் மட்டும் நோய் இருப்பவர்களில் சுமார் பத்தில் ஒருவருக்கு வகை பிரிக்காத ஐ.பி.டி. என்றே எழுதுவார்கள். குழந்தைகளில் இது இன்னும் அதிகம். காலம் போகப்போக ஒரு பக்கம் தெளிவாகச் சாயலாம். அதுவரை இருக்கும் அழற்சிக்கு வைத்தியம் நடந்துகொண்டுதான் இருக்கும்.

கொலைட்டிஸ் என்று சொல்லி வருடங்கள் கழித்துக் கிரோன் என்கிறார்கள். முதல் டாக்டர் தப்பு செய்தாரா?

அப்படிச் சொல்லிவிட முடியாது. சிறுகுடலில் நோய் பிறகு தோன்றலாம், பவுத்திரம் பிறகு வரலாம். அன்றைக்கு இருந்த தடயத்துக்கு அன்றைய பெயர் சரிதான். பெயர் மாறும்போது மருந்தையும் மறுபரிசீலனை செய்கிறார்களா என்று மட்டும் கவனியுங்கள்.

குழந்தைகளுக்கும் வருமா?

வரும். வயதுக்கேற்ற உயரம் ஏறாமல் இருப்பது, பூப்படைவது தள்ளிப்போவது மட்டுமே கிரோனின் முதல் அடையாளமாக இருக்கலாம். பேதியே இருக்காது. கிரோன் உள்ள குழந்தைகளுக்குச் சில வாரங்கள் வேறு சாப்பாடு எதுவுமில்லாமல் முழுக்கத் திரவ உணவு மட்டும் கொடுப்பதே முதல் சிகிச்சையாக இருக்கிறது. ஸ்டீராய்டுக்கு இணையாகக் கேட்கும், வளர்ச்சியையும் கெடுக்காது. கொலைட்டிஸுக்கு அது பயன்படுவதில்லை. பெயர் சரியாக இருக்க வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணம்.

மூட்டு வலி, கண் சிவப்பு, தோலில் கட்டி: இவற்றுக்கும் குடலுக்கும் என்ன சம்பந்தம்?

இரண்டு நோயிலும் வரும். முழங்காலுக்குக் கீழே காலின் முன்பக்கம் வலிக்கும் சிவந்த முடிச்சுகள், கண் அழற்சி, முதுகெலும்பு விறைப்பு எல்லாம் ஒரே எதிர்ப்பு மண்டலக் கோளாறின் வெளிப்பாடுகள். கல்லீரலின் பித்தக்குழாய்கள் தழும்பேறிச் சுருங்கும் பி.எஸ்.சி. என்ற நோய் கொலைட்டிஸோடு அதிகம் சேர்ந்து வரும். அது இருந்தால் பெருங்குடல் புற்றுநோய்க்கான கண்காணிப்பை முதல் நாளிலிருந்தே வருடாவருடம் செய்வார்கள். அது இல்லாதவர்களுக்கு நோய் தொடங்கி 8 வருடம் ஆனதும் கண்காணிப்புக் கொலனோஸ்கோப்பி தொடங்கும். மலக்குடலோடு நின்றவர்களுக்கு அது தேவையில்லை. பித்தப்பைக் கல், சிறுநீரகக் கல், வைட்டமின் பி12 குறைவு ஆகியவை சிறுகுடல் நுனி பாதித்த கிரோனின் பின்விளைவுகள்.

சிகரெட் பிடித்தால் கொலைட்டிஸ் வராது என்கிறார்களே?

புகைபிடிப்பவர்களுக்குக் கொலைட்டிஸ் குறைவு, விட்டவர்களுக்குச் சற்று அதிகம் என்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்தது உண்மை. கிரோனில் தலைகீழ், புகை நோயைக் கடுமையாக்கி ஆபரேஷன் வரை கொண்டுபோகும். இதைச் சாக்காக வைத்து யாரும் பற்றவைக்க வேண்டாம். நுரையீரலும் இதயமும் கொடுக்கும் விலை அதைவிடப் பெரியது. கிரோன் என்று உறுதியானவர் இன்றைக்கே நிறுத்த வேண்டும், சில மருந்துகளுக்குச் சமமான பலன் அதில் இருக்கிறது.

சாப்பாட்டால் வந்ததா? எதைத் தவிர்ப்பது?

காரம் சாப்பிட்டதால் வந்தது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், குற்ற உணர்வும் வேண்டாம். இங்கேயும் வகைக்கேற்ப வித்தியாசம் உண்டு. கிரோனில் குடல் சுருங்கியிருப்பவர்கள் வாழைத்தண்டு, முருங்கைக்காய்ச் சக்கை, கீரைத்தண்டு, ஆரஞ்சுச் சுளையின் தோல் மாதிரி நார் உள்ளதைத் தவிர்க்க வேண்டும், அது போய் அடைத்துக்கொள்ளும். சுருக்கம் இல்லாத, அடங்கிய நிலையில் இருக்கும் கொலைட்டிஸ்காரருக்கு இந்தத் தடை எல்லாம் தேவையில்லை. தோசை, சாம்பார், காய் என்று வீட்டில் எல்லோரும் சாப்பிடுவதையே சாப்பிடலாம். பால் ஒத்துக்கொண்டால் குடிக்கலாம்.

அசதயோபிரின் தொடங்கப்போகிறார்கள். கவனிக்க வேண்டியது என்ன?

இந்தியர்கள் உட்பட ஆசியர்களில் சிலருக்கு நட்15 என்ற மரபணுவில் மாற்றம் இருக்கிறது. அவர்களுக்கு இந்த மாத்திரை வெள்ளை அணுக்களை ஆபத்தான அளவுக்குக் குறைத்துவிடும், முடி கொத்துக்கொத்தாகக் கொட்டும். மரபணுப் பரிசோதனை வசதி இருந்தால் முன்கூட்டியே செய்துகொள்ளலாம். இல்லையென்றாலும் முதல் சில வாரங்கள் டாக்டர் சொன்ன நாட்களில் ரத்த அணு எண்ணிக்கை பார்ப்பதைத் தவறவிடக் கூடாது.

எப்போது உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்?

ஒரு நாளைக்கு 6 முறையோ அதற்கு மேலோ ரத்தப் பேதி, கூடவே நாடித்துடிப்பு 90க்கு மேல் அல்லது காய்ச்சல் இருந்தால் அது தீவிரக் கொலைட்டிஸ். அன்றே சேர வேண்டும், மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்பது கூடாது. வயிறு உப்பி, தொட்டால் வலித்து, பேதி திடீரென்று நின்றுவிட்டால் அது குணமானது இல்லை. பெருங்குடல் வீங்கி வெடிக்கப்போவதாக இருக்கலாம். கிரோனில் வயிறு முறுக்கி வாந்தி எடுத்து, காற்றும் மலமும் போகவில்லை என்றால் குடல் அடைத்திருக்கிறது.

வெளிநாட்டில் இருக்கிறேன். இங்கே டாக்டர் டிபி பற்றிக் கேட்கவே இல்லை.

நீங்களே சொல்லுங்கள். பிறந்து வளர்ந்தது தமிழ்நாட்டிலா, இலங்கையிலா, சின்ன வயதில் வீட்டில் யாருக்காவது டிபி இருந்ததா, கடைசியாக எப்போது ஊருக்குப் போய் எவ்வளவு நாள் தங்கினீர்கள் என்பதையெல்லாம். இன்ஃப்ளிக்சிமாப் போன்ற ஊசி மருந்து தொடங்கும் முன் மறைந்திருக்கும் டிபிக்குப் பரிசோதனை செய்வது எல்லா நாட்டிலும் வழக்கம்தான். ஆனால் இருப்பது கிரோனா, டிபியா என்ற கேள்வியை லண்டனிலோ டொரண்டோவிலோ ஒரு டாக்டர் எழுப்புவதற்கு நீங்கள் தரும் தகவல்தான் உதவும்.

இன்னொரு டாக்டரிடம் கருத்துக் கேட்கப் போகிறேன். என்ன எடுத்துக்கொண்டு போவது?

ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது. கொலனோஸ்கோப்பியின் கலர் படங்கள், முடிந்தால் வீடியோ. ஸ்கேன் படங்கள் உள்ள குறுந்தகடு. பயாப்ஸி செய்த லேபில் கேட்டால் கண்ணாடிச் சிலைடையும் மெழுகுக் கட்டியையும் கொடுப்பார்கள், அதைக் குடல் நோய்களை அதிகம் பார்க்கும் நோய்க்குறியியல் மருத்துவரிடம் மறுபடி காட்டலாம். புதிதாகக் குழாய் விடாமலேயே பெயர் தெளிவாவதற்கு அதில் வழி உண்டு. இதுவரை சாப்பிட்ட மருந்துகளை, தொடங்கிய தேதி, நிறுத்திய தேதியோடு ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். முதல் கொலனோஸ்கோப்பி நடந்த நாளில் ஸ்டீராய்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்களா, மலக்குடலில் மருந்து வைத்துக்கொண்டிருந்தீர்களா என்பதை அதில் முதல் வரியாக எழுதுங்கள்.